டோக்கியோ சுரங்க ரயில்ல சாரின் நச்சு வாயுவை விட்ட ஜப்பானிய மத இயக்கம் ஓம் ஷின்ரிக்யோ, அதோட தலைவர் அசஹாரா. அவர் வழக்கில் உங்களை இன்னும் உறுத்துற ஒரு காட்சி எது? எழுதுங்க

செல்லூர் தறி:
எனக்கு கொடென்மாச்சோ ஸ்டேஷன் நடைமேடைதான். 1995 மார்ச் 20, காலை எட்டு மணி, ஹிபியா லைன். இயக்கத்து ஆட்கள்ல மத்த நாலு பேர் ஆளுக்கு ரெண்டு சாரின் பை எடுத்துட்டுப் போனாங்க, யாசுவோ ஹயாஷி மட்டும் மூணு. அகிஹபாராவுல குடைமுனையால குத்திட்டு இறங்கிட்டான். அடுத்த ஸ்டேஷன்ல, தரையில ஈரமா ஒழுகுற செய்தித்தாள் பொட்டலத்தை ஒரு பயணி காலால வெளிய தள்ளிவிட்டார். நல்லது செய்யுறதா நினைச்சுத்தான். பெட்டிக்குள்ள சிந்தினதோட ரயில் கிளம்பிருச்சு, பொட்டலம் நடைமேடையில கிடக்குது. பின்னாடி வந்த வண்டி ஆட்கள் அதே நடைமேடையிலதான் இறங்குனாங்க. அந்த மூணு பையால மட்டும் 8 பேர் சாவு. தள்ளுன அந்தக் காலை நினைச்சா இப்பவும் ஒரு மாதிரி இருக்கு.

உசிலை உரக்கடை:
எனக்கு ரயில் இல்லண்ணே, மட்சுமோட்டோ ஊர். 1994 ஜூன் 27 ராத்திரி. நில வழக்குல தீர்ப்பு இயக்கத்துக்கு எதிரா வந்துரும்னு நீதிபதிகள் குடியிருப்பைக் குறிவச்சு, லாரிக்குள்ள ஹீட்டரும் விசிறியும் மாட்டி விஷத்தை ஆவியாக்கி விட்டாங்க. பக்கத்துல யோஷியுகி கோனோ வீடு. நாய் துடிக்குது, சம்சாரம் விழுந்துட்டாங்க, ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டவரே அவர்தான். மறுநாள் போலீஸ் சோதனை போட்டது அவர் வீட்டை! பூச்சிமருந்தும் படம் கழுவுற கெமிக்கலும் இருந்துச்சுன்னு, அதைக் கலந்துதான் செஞ்சிருப்பார்னு பத்திரிகைக்காரங்க எழுதிட்டாங்க. சாரினும் நம்ம கடையில விக்கிற மோனோகுரோட்டோபாஸ் மாதிரி பூச்சிமருந்தும் ஒரே குடும்பம்தான், ஆனா எந்தப் பூச்சிமருந்தை எதோட கலந்தாலும் சாரின் வராது. ஒரு வேதியியல் வாத்தியாரைக் கேட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். ஒன்பது மாசம் அவர் மேல சந்தேகம். அந்தம்மா கோமாவுலயே கிடந்து 2008-ல போய்ட்டாங்க. லாரி வேலையில இருந்த ஒருத்தன் தண்டனை முடிஞ்சு வந்து கோனோ தோட்டத்து மரத்தைக் கத்தரிச்சுக் குடுத்தான், அவரும் செய்ய விட்டார். அதுதான் எனக்கு விளங்கவே மாட்டேங்குது.

தல்லாகுளம் வாத்தியார்:
உரக்கடைத் தம்பி, பத்திரிகையைச் சொன்னீர்கள், தொலைக்காட்சியை விட்டுவிட்டீர்கள். 1989 அக்டோபர் 26. இயக்கத்தை எதிர்த்துப் பேசிய வழக்கறிஞர் சகமோட்டோ கொடுத்த பேட்டியை ஒளிபரப்பும் முன்பே டிபிஎஸ் தொலைக்காட்சி ஆட்கள் ஓம் ஷின்ரிக்யோக்காரர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒன்பதாம் நாள் அதிகாலை அவரும் மனைவியும் ஒரு வயதுப் பிள்ளையும் வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள். வீட்டுக்கதவு பூட்டியிருக்கவில்லை. இயக்கத்தின் பேட்ஜ் ஒன்று உள்ளே கிடந்தது. அதைப் பார்த்த பிறகும் 'காணாமல் போனார்கள்' என்றே வழக்கு நடந்தது. மூன்று மாகாணங்களில் தனித்தனியாகப் புதைத்திருந்தார்கள், தோண்டியது 1995 செப்டம்பரில்.

தொட ஏன் தயங்கினார்கள்? அதே 1989 ஆகஸ்டில்தான் இயக்கத்துக்கு மத நிறுவனமாகப் பதிவு கிடைத்திருந்தது. அசஹாராவின் பழைய கதையைப் பாருங்கள். பாய் முடைபவர் மகன், இயற்பெயர் சிசுவோ மட்சுமோட்டோ. பார்வையற்றோர் பள்ளியில் ஒரு கண்ணில் கொஞ்சம் பார்வை இருந்த பையன் என்பதால் மற்ற பிள்ளைகளை அதட்டி வேலை வாங்கினான். 1982-ல் போலி மருந்து விற்று அபராதம், 1984-ல் யோகா வகுப்பு, அடுத்த வருடம் பத்திரிகையில் காற்றில் மிதக்கும் படம். சப்பணமிட்டுக் குதித்ததை எடுத்த படம் அது, முகம் இறுகியிருப்பதிலேயே தெரியும். குளித்த தண்ணீர் 200 மி.லி. 20,000 யென். மின்முனை வைத்த தொப்பிக்கு மாத வாடகை 10 லட்சம் யென். இதற்கெல்லாம் ரசீது போட்ட கணக்குப்பிள்ளைகள் படித்தவர்கள்!

மேலூர் சிஸ்டர்:
சார் சொல்றது சரி, ஆனா எனக்கு டோக்கியோ செயின்ட் லூக்ஸ் ஆஸ்பத்திரி. ரயில் தாக்குதல் அன்னிக்கு ஒரே நாள்ல 640 நோயாளிங்க. தீயணைப்புத்துறை முதல்ல சொன்னது அசிட்டோநைட்ரைல்னு வேற ஒரு கெமிக்கலை. இடம் பத்தாம தேவாலயத்துலயே படுக்க வச்சாங்க. காத்தோட்டம் இல்லாத இடம், நோயாளிங்க போட்டிருந்த துணி அப்படியே. பார்த்த நர்ஸுங்களுக்கே கண்ணு இருட்டுச்சு.

இதைப் படிக்கிறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, யாரும் கேக்கலைன்னாலும் சொல்றேன். வாடிப்பட்டிப் பக்கம் பூச்சிமருந்து குடிச்சாலோ மேல கொட்டினாலோ முதல்ல துணியைக் கழட்டுங்க, கையுறை இல்லாட்டி பாலிதீன் பையை மாட்டிக்கிட்டு. சோப்பும் தண்ணியும் போட்டுத் தலை, கக்கம், தொடையிடுக்கு எல்லாம் கழுவுங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க, உப்புக்கரைசல் வேண்டாம். மருந்து டப்பாவை எடுத்துக்கிட்டு, வண்டி ஜன்னலைத் திறந்து வச்சு, பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்க. அங்க விஷமுறிவு மருந்தான அட்ரோபின் 0.6 மி.கி. ஆம்பூல் மூணுல இருந்து அஞ்சு வரை ஆரம்பிப்பாங்க, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் ரெட்டிப்பாக்குவாங்க. பாக்க வேண்டியது நெஞ்சு சளி காயுதா, நாடி 80 தாண்டுதா. கண்பாவை விரியலையேன்னு ஊசியை ஏத்திக்கிட்டே போகக்கூடாது, ஆவி பட்ட கண்ணுல பாவை சுருங்கியேதான் இருக்கும். விஷம் பிடிச்ச நொதியை விடுவிக்குற பாம் (PAM) ஊசி லேட்டானா பிரயோசனம் கம்மி. சாரின் பிடிச்ச நரம்பு நொதியில பாதி சுமார் அஞ்சு மணி நேரத்துல இறுகிடும், இறுகினதைப் பிரிக்க முடியாது.

செல்லூர் தறி:
சிஸ்டர், இது அசஹாரா திரி...

மேலூர் சிஸ்டர்:
தெரியும்ணே. டோக்கியோ ரயில்ல செத்தவங்கள்ல ஒருத்தர் கசுமிகசெகி ஸ்டேஷன் உதவி அதிகாரி. பொட்டலத்தை எடுத்து, சிந்தினதைத் துடைச்சவர். அந்தப் பையைக் குத்துனது ஒரு இதய சர்ஜன், இகுவோ ஹயாஷி. ரெண்டு பையில ஒண்ணைத்தான் குத்துனான். தூக்குல போட்ட 13 பேர்ல அவன் மட்டும் ஏன் இல்ல?

தல்லாகுளம் வாத்தியார்:
சைக்கிள் திருட்டில் பிடிபட்ட ஆள், உள்ளே இருக்கும்போது தானாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வழக்கே அதில்தான் திறந்தது. அதனால் அரசுத் தரப்பே ஆயுள்தான் கேட்டது. அசஹாராவோ விசாரணையில் முணுமுணுத்துக்கொண்டே கிடந்தான். 2004-ல் மரண தண்டனை. மேல்முறையீட்டு விளக்கத்தை வக்கீல்கள் கெடுவுக்குள் தராததால் 2006-ல் அது உறுதியானது. 2018 ஜூலை 6-ல் தூக்கு.

உசிலை உரக்கடை:
அப்ப டாக்டர் சொல்லலைன்னா?

தல்லாகுளம் வாத்தியார்:
வேறொருவன் சொல்லியிருப்பான். ஆனால் எத்தனை மாதம் கழித்து என்பதுதான் கேள்வி.