ஆங்கிலத்தில் 'பிராண்டெலியன்' என்று எப்போது எழுதலாம்?

கேள்வி:
ஆங்கில நாடக, திரை விமர்சனங்களில் 'பிராண்டெலியன்' என்ற சொல் வருகிறது. இத்தாலிய நாடகாசிரியர் லூயிஜி பிராண்டெல்லோவின் பெயரிலிருந்து வந்தது என்று தெரியும். எங்கே பொருந்தும் என்பதில்தான் குழப்பம். இந்த இரண்டு இடங்களிலும் போடலாமா?

ஒன்று: ஒரு சான்றிதழுக்காக ஒருவரை அலுவலகம் அலுவலகமாக அலையவிடுகிறார்கள். இரண்டு: ஓர் ஆவணப்படத்தில் நடிகர்கள் தங்களைப் போல நடிப்பதைப் பார்த்து, அசல் மனிதர்கள் 'நாங்கள் இப்படி இல்லை' என்று இயக்குநரிடம் மல்லுக்கு நிற்கிறார்கள்.

பதில் 1:
இரண்டாவதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். 1921இல் ரோமின் வால்லே அரங்கில் முதலில் மேடையேறிய 'ஆசிரியரைத் தேடும் ஆறு கதாபாத்திரங்கள்' நாடகத்தில் நடப்பதே ஏறத்தாழ இதுதான். ஒத்திகை நடக்கும் இடத்துக்கு, ஆசிரியர் எழுதாமல் கைவிட்ட ஆறு பாத்திரங்கள் வந்து தங்கள் கதையை மேடையேற்றச் சொல்கிறார்கள். நடிகர்கள் அதை நடித்துக் காட்டியதும் தந்தையும், அவர் மனைவிக்கு வேறொருவரிடம் பிறந்த மகளும் 'அது நாங்கள் அல்ல' என்கிறார்கள். அன்று அரங்கில் இருந்தவர்களில் ஒரு பகுதியினர் 'பைத்தியக்கார விடுதி!' என்று கத்தினார்கள்.

இந்தச் சொல்லுக்குள் இன்னும் இரண்டு இழைகள் உண்டு. முதலாவது, தீர்ப்புச் சொல்ல முடியாத உண்மை. 1917இல் வந்த ஒரு நாடகத்தில் மருமகனும் மாமியாரும் ஒருவரையொருவர் பைத்தியம் என்கிறார்கள். இருவர் கதையும் நம்பும்படியே இருக்கிறது. கடைசியில் முகத்திரையோடு வரும் மனைவி இரண்டையுமே ஆமோதிக்கிறாள். மற்றது, கழற்ற முடியாமல் போகும் முகமூடி. 'நான்காம் ஹென்றி' (1922) நாயகன் குதிரையிலிருந்து விழுந்து, தன்னை 11ஆம் நூற்றாண்டுப் பேரரசனாகவே நம்புகிறான். பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் புத்தி தெளிந்தும் வேஷத்தைத் தொடர்கிறான். இறுதியில் ஒருவரை வாளால் குத்திய பிறகு, வேஷத்திலிருந்து வெளியேற வழியே இல்லை.

இந்த மூன்றில் ஒன்றாவது இருந்தால் எழுதுங்கள். வெறும் குழப்பத்துக்கு வேண்டாம்.

பதில் 2:
முதல் உதாரணத்துக்கு, எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவின் பெயரிலிருந்து வந்த 'காஃப்காயெஸ்க்' என்பதே சரி. முகம் தெரியாத அதிகாரம் மனிதனை நசுக்குவது காஃப்கா. அங்கே யார் நிஜம், யார் வேஷம் என்ற கேள்வியே எழவில்லை.

அதிகம் தவறுவது ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்டிடம். நடிகர் பார்வையாளரை நோக்கிப் பேசினாலே சிலர் 'பிராண்டெலியன்' என்று எழுதிவிடுகிறார்கள். பார்ப்பவர் கதையில் கரைந்துவிடாமல் சமூகக் காரணங்களை யோசிக்கட்டும் என்று மாயையை உடைத்தால் அது 'பிரெக்டியன்'. மாயையை உடைத்தபின் கீழே இருப்பதும் இன்னொரு மாயையோ என்று தடுமாற வைத்தால்தான் பிராண்டெல்லோ. உத்தி ஒன்றுபோலத் தெரிந்தாலும் நோக்கம் வேறு.

பதில் 3:
வடிவம் பற்றி: பெயரின் கடைசி 'ஓ'வை எடுத்துவிட்டு 'இயன்' சேர்க்க வேண்டும். இரண்டு 'எல்'லும் இருக்கட்டும். ஒன்றை விடுவதுதான் வழக்கமான பிழை. முதல் எழுத்து பெரிய எழுத்து. அழுத்தம் 'டெல்' மீது விழும். 'எஸ்க்' விகுதியோடும் சிலர் எழுதுகிறார்கள், ஆனால் 'இயன்'தான் நிலைபெற்ற வடிவம்.

சூழல், திருப்பம், கணம் போன்ற பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைத்தால் இயல்பாக ஒலிக்கும். வினையுரிச்சொல்லாக்க முயன்றால் வாக்கியம் தடுக்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, முதல் உதாரணத்தை மாற்றிவிடுகிறேன். படிப்பவருக்கு பிராண்டெல்லோ யாரென்றே தெரியாவிட்டால்?

பதில் 1:
அதுதான் உண்மையான சிக்கல். 1934இல் நோபல் பெற்றவர் என்றாலும், காஃப்கா அளவுக்கு அவர் பெயர் பொதுவாசகரிடம் பரவவில்லை. நாடக இதழ் என்றால் விளக்கம் வேண்டாம். பொதுப் பத்திரிகை என்றால் காட்சியை முதலில் சொல்லிவிட்டு, பெயரை அதன்பின் வையுங்கள்: 'அசல் மனிதர்கள் தங்கள் நகல்களோடு வாதாடும் இந்தப் பிராண்டெலியன் கணத்தில்...' என்ற வரிசையில். பெயர் தெரியாதவருக்கும் பொருள் கிடைத்துவிடும். பெயரை அடைப்புக்குறிக்குள் விளக்கினால் வாக்கியத்தின் வேகம் போய்விடும்.

'இன்னாரைத் தேடும் ஆறு பேர்' என்ற தலைப்பு அச்சை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஆங்கிலத் தலைப்புகளில் அது தேய்ந்துபோனது. எண்ணையும் பெயரையும் மாற்றிப் போடுவதோடு சரி, பிராண்டெல்லோவின் கேள்வி எதுவும் அதில் மிஞ்சுவதில்லை.