இணையத் தரவை மட்டும் வைத்துச் செடியின் பரவல் வரைபடம் போடலாமா?

உலர்தாள்: தாராளமாகப் போடலாம் என்பது என் கட்சி. உயிரினப் பதிவுகளை இணையத்தில் திரட்டித் தரும் ஜிபிஃப் (GBIF) அமைப்பு 2001-ல் தொடங்கியது. ஹெர்பேரியம் தாள்கள் (உலர்த்தித் தாளில் ஒட்டிய செடி மாதிரிகள்), அருங்காட்சியகப் பதிவுகள், பொதுமக்கள் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றும் படங்கள் எல்லாம் அங்கே ஒன்றாகக் கிடைக்கின்றன. அப்புறம் எதற்குக் காடு மேடெல்லாம் அலைய வேண்டும்?

முள்வேலி: வரைபடத்தில் புள்ளி வருகிறது, சரி. செடி இருக்கும் இடத்தில்தான் விழுகிறதா? அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் பூஜ்யமாகப் பதிவான செடிகள் ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாக் கடலில் மிதக்கின்றன. நாட்டின் பெயர் மட்டுமே தெரிந்த தாளுக்கு, நாட்டின் நட்டநடுவில் புள்ளி. பூங்காவில் நட்டதும் காட்டில் தானாக முளைத்ததும் ஒரே நிறம்.

உலர்தாள்: இதெல்லாம் சலித்து எடுக்கக்கூடிய குப்பைதான். ஆர் (R) என்ற நிரல்மொழியில் கோஆர்டினேட் கிளீனர் என்றே ஒரு நிரல்தொகுப்பு இருக்கிறது. கடல், தலைநகரம், நாட்டு மையம், தாவரவியல் பூங்கா என்று பிடித்துக் கொடுக்கும். ஜிபிஃப் தலைமையகம் உள்ள கோபன்ஹேகனில் விழுந்த புள்ளியைக்கூட விடாது.

முள்வேலி: தப்பான புள்ளியைப் பிடிக்கும். இல்லாத புள்ளியை? சாலையோரத்தில்தான் அதிகம் படம் எடுக்கிறார்கள். வரைபடத்தில் காலியாகக் கிடக்கும் இடத்தில் செடி இல்லையா, ஆள் போகவில்லையா?

நடுநரம்பு: குறுக்கே வருகிறேன். அழிவின் விளிம்பில் உள்ள செடிகளின் இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் வேண்டுமென்றே மறைக்கிறது. 0.2 பாகைக் கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளி வைக்கும். நிலநடுக்கோட்டருகே அந்தக் கட்டத்தின் பக்கம் சுமார் 22 கி.மீ. அதை நம்பி ஆர்க்கிட் தேடிப் போனால் பக்கத்து மலையில் நிற்பீர்கள். தரவு அட்டவணையில், புள்ளி எத்தனை மீட்டர் பிசகலாம் என்று சொல்லும் பத்தியைப் பார்த்துச் சலியுங்கள்.

உலர்தாள்: பழைய தாள்கள் பலவற்றில் அந்தப் பத்தியே காலி. காலியானதையெல்லாம் தூக்கினால், காடு வயலாவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதற்குச் சாட்சியே மிஞ்சாது. அதை இன்று நேரில் போய் யாராலும் பார்க்க முடியாது.

முள்வேலி: நியாயம். அதனால்தான் புள்ளியை விட்டுத் தாளைப் படியுங்கள் என்கிறேன். ஸ்கேன் படத்தைத் திறந்தால் மூலையில் ஒட்டிய சீட்டில் 'ஓடைக்கரை, நிழல், 900 மீட்டர்' என்றிருக்கும். புள்ளியோ வறண்ட சமவெளியில் கிடக்கும்.

உலர்தாள்: ஆயிரக்கணக்கான தாளையும் திறக்க யாருக்கு நேரம்?

முள்வேலி: கூட்டத்தை விட்டுத் தனியாக நிற்பவற்றை மட்டும் திறங்கள். உயரம் ஒத்துவராவிட்டால் தூக்கிவிடுங்கள்.

உலர்தாள்: சீட்டில் உயரமே எழுதாத தாளும் நிறைய உண்டு. தனியாக நிற்பதே செடியின் புது இடமாகவும் இருக்கலாம். தூக்க மாட்டேன், வேறு நிறத்தில் போடுகிறேன்.