குடியரசு தின விடுமுறை: இருவராகக் கொடைக்கானல், நடைதான் முக்கியம். இந்தத் திட்டம் சரிவருமா?

நித்யகல்யாணி:
வணக்கம். குடியரசு தினம் திங்களன்று வருவதால் சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் கையில் இருக்கிறது. நானும் கணவரும் மட்டும்தான். சென்னையிலிருந்து வெள்ளி இரவு கிளம்புகிறோம். படகு, குதிரை, கடைவீதி எல்லாம் வேண்டாம். நடக்க வேண்டும், ஊரை நிதானமாகப் பார்க்க வேண்டும். தினமும் நான்கைந்து கி.மீ. நடக்கிறோம், ஆனால் மலையில் நடந்து பழக்கமில்லை.

இப்போதைக்குப் போட்டது: சனி காலை சேர்ந்ததும் தூண் பாறைப் பக்கம், மதியம் டால்பின் நோஸ் என்ற பாறைமுனை. ஞாயிறு வெள்ளகெவி வரை நடந்து திரும்புவது. திங்கள் பூம்பாறை, மன்னவனூர், அப்படியே இரவு ரயில். காரில் வருவதா ரயிலா, எதற்கெல்லாம் அனுமதி வேண்டும், குளிருக்கு என்ன எடுக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கானல்நடை:
இடங்கள் சரி, வரிசைதான் தப்பு. டால்பின் நோஸை மதியத்தில் வைக்காதீர்கள். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலே வந்து மூடுபனியாகிவிடும். பல நாள் பதினொரு மணிக்கே பாறைக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டியதுபோல் இருக்கும், பெரியகுளம் பக்கத்துச் சமவெளி ஒன்றும் தெரியாது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு, அந்தப் பாறைக்குப் பாதை தொடங்கும் ஊரான வட்டக்கானலில் நடையைத் தொடங்குங்கள். அந்த நேரத்தில் கூட்டமும் இராது.

வண்டி நிற்கும் இடத்திலிருந்து வீடுகளைத் தாண்டிக் கொஞ்ச தூரம் சரிவுப் பாதை, அப்புறம் மண் தடம். மர வேர்கள்தான் படிக்கட்டு. வேரின் மேல் கால் வைக்காமல் இரண்டு வேருக்கு நடுவில் இருக்கும் மண்ணில் வையுங்கள். பனி விழுந்த காலையில் வேர் சோப்புப்போல் வழுக்கும், இங்கே விழுபவர்களில் பாதிப்பேர் அதில்தான் விழுகிறார்கள். இறங்க முக்கால் மணி நேரம், ஏறி வர ஒரு மணிக்கு மேல் என்று வையுங்கள். தலைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் போதும். வழியில் பெட்டிக்கடைகளில் எலுமிச்சை டீயும் பிரெட் ஆம்லெட்டும் கிடைக்கும், ஆனால் அவ்வளவு காலையில் எல்லாக் கடையும் திறந்திருக்காது.

பாறை பள்ளத்துக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கிறது, தடுப்பு கிடையாது. விளிம்புக்கு இரண்டு ஆள் நீளம் தள்ளியே உட்காருங்கள். அங்கிருந்தே முழுக் காட்சியும் தெரியும், நுனிக்குப் போவதால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. படத்துக்காக நுனியில் நிற்கும்போது திடீரென்று ஒரு காற்று அடித்தால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இன்னும் கீழே போனால் எக்கோ பாறை. அங்கே போய்த் திரும்பினாலே முதல் தடவை மலையில் நடப்பவர்களுக்கு நிறைவான காலை.

வெள்ளகெவியை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். சாலை இல்லாத ஊர் அது, சாமான் எல்லாம் குதிரை முதுகில் போகிறது. ஊருக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை, போகிறவர்களும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே போவதில் கடினம் திரும்புவதுதான். இறங்கியது முழுவதையும் களைத்த காலோடு ஏற வேண்டும், ஜனவரியில் ஆறரைக்குள் இருட்டிவிடும். அதோடு வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுத் தடத்தில் போகக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் பலர் காட்டுத்தீயில் மாண்ட பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரிலிருந்து ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் 40 தடங்களுக்கு முன்பதிவு நடக்கிறது, வழிகாட்டி கூடவே வருவார். வெள்ளகெவி ஆசை இருந்தால் அங்கே பதிந்து, அதற்கென்றே ஒரு முழு நாள் ஒதுக்கி வாருங்கள். தீக்காலத்தில், பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, தடங்களை மூடிவிடுவார்கள்.

சனிக்கிழமை ரயிலில் தூக்கம் கெட்டு வந்திருப்பீர்கள். அன்று ஏரியைச் சுற்றி 5 கி.மீ. நடந்தால் போதும். சமதளம், உயரமும் பழகிவிடும்.

வத்தலக்குண்டு வழி:
கார் வேண்டாம், ரயிலே நல்லது. பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடிவதற்குள் கொடைரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து மேலே 80 கி.மீ., மூன்று மணி நேரம். நேரடிப் பேருந்துக்காகக் காத்திருக்காமல் வத்தலக்குண்டு போய் மாறுங்கள். டாக்ஸி என்றால் ஏறும் முன் மொத்தத் தொகையைப் பேசிவிடுங்கள், திரும்பும் காலி வண்டிக்கும் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காரில்தான் வருவேன் என்பவர்களுக்கு: 2024 மே 7 முதல் இ-பாஸ், அதாவது இணையத்தில் பதிந்து வாங்கும் வண்டி அனுமதி, கட்டாயம்; பேருந்துப் பயணிக்குத் தேவையில்லை. வாடகை டாக்ஸிக்கும் இ-பாஸ் உண்டு, ஓட்டுநரிடம் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். 2025 கோடையில் நாளொன்றுக்கு வாரநாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். நீள விடுமுறையில் வெள்ளி நீர்வீழ்ச்சி, சுங்கச்சாவடிப் பக்கம் காலை எட்டரை தாண்டினால் வண்டி ஊரும், அதற்கு முன்பே கடந்துவிட வேண்டும். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே விடுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். கருகின வாசனை வந்தால் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது.

5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை, சோதனையும் உண்டு. எஃகு பாட்டில் இரண்டு எடுத்து வாருங்கள்.

நித்யகல்யாணி:
மிக்க நன்றி. வெள்ளகெவியை எடுத்துவிட்டோம். இவருக்கு இறக்கத்தில் மட்டும் முழங்கால் வலிக்கும். டால்பின் நோஸ் தாங்குமா? வட்டக்கானலிலேயே அறை எடுத்துவிடலாமா?

சோலைக்குருவி:
தாங்கும், மெதுவாக இறங்கினால். இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடை முழங்காலில் மோதுகிறது, அதனால்தான் அப்போது மட்டும் வலி. இரண்டு ஊன்றுகோல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏற்றத்தில் இருப்பதைவிட ஒரு சாண் நீளமாக்கி, கோலை முன்னால் ஊன்றிய பிறகே காலை வைக்க வேண்டும். அடி சிறியதாக, முழங்கால் கொஞ்சம் மடங்கியபடி. செங்குத்தான இடத்தில் நேராக இறங்காமல் பக்கவாட்டில் திரும்பி இறங்கட்டும். ஷூ அரை அளவு பெரியது, நகம் இரண்டு நாள் முன்பே வெட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெருவிரல் நகம் கறுத்துவிடும். புது ஷூவோடு வர வேண்டாம்.

அறை விஷயத்தில் ஒன்று. வட்டக்கானலில் பல தங்கல்களுக்குச் சாலையிலிருந்து படி இறங்கித்தான் போக வேண்டும், பெட்டியோடு. எத்தனை படி என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். வெந்நீர் எந்த நேரத்தில் வரும், கம்பளி எத்தனை என்பதையும் கேளுங்கள். உரிமம் இல்லாத கட்டடங்களுக்குச் சீல் வைத்த ஊர் இது, மலிவாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள்.

இது ரொம்ப முக்கியம்: இரவில் வெளியே கரி அடுப்பு மூட்டித் தருவார்கள். அணைந்தமாதிரி தெரிகிறதென்று அந்த அடுப்பைக் குளிருக்காக அறைக்குள் கொண்டுபோய்விடாதீர்கள். புகையே இல்லாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு வரும், வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கொடைக்கானலில் இப்படி உயிர் போயிருக்கிறது.

ஜனவரி இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்கும், ஏரிப்பக்கப் புல்லில் உறைபனி படியும் நாளும் உண்டு. ஒரே தடித்த ஸ்வெட்டருக்குப் பதில் மெல்லிய உள்ளாடை, கம்பளி, காற்றுத் தடுக்கும் மேலாடை என்று மூன்றாக வைத்துக்கொண்டால் நடக்கும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். பருத்தி பனியன் வியர்வையைப் பிடித்துக்கொண்டு, நின்றவுடன் முதுகைச் சில்லிடவைக்கும். இருட்டிய பிறகு நடந்து சுற்றாதீர்கள், காட்டு மாடு தெருவுக்கே வரும். எதிர்ப்பட்டால் டார்ச் அடிக்காமல், கத்தாமல், வந்த வழியே பின்வாங்குங்கள். கன்றோடு இருந்தால் இன்னும் தள்ளி நில்லுங்கள்.

மலைப்பூண்டு:
திங்கட்கிழமைக்கு மட்டும் சொல்கிறேன். ஏழு மணிக்குள் கிளம்புங்கள். பூம்பாறை 20 கி.மீ.க்குள், மன்னவனூர் 35 கி.மீ. அளவு. பூம்பாறைக்கு முன்னால் சாலை ஓரத்துக் காட்சிமுனையில் நின்றால் ஊரும் படிப்படியான வயல்களும் காலை வெயிலில் அவ்வளவு துல்லியமாகத் தெரியும். குழந்தை வேலப்பர் கோயிலில் மூலவர் போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பது ஐதீகம். மன்னவனூரில் ஏரியும் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சிப் பண்ணையும் இருக்கின்றன. புல்வெளியில் ஒரு மணி நேரம் காலாற நடக்கலாம். அங்கே போன் சிக்னலை நம்பாதீர்கள், ரொக்கம் வைத்திருங்கள்.

பூண்டு வாங்கினால் பூம்பாறையிலேயே வாங்குங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு. கொடைக்கானல் கடைவீதியில் வெளியூர்ப் பூண்டும் கலந்து விற்கிறது. மலைப்பூண்டு பளிச்சென்ற வெள்ளையாக இருக்காது, மேல்தோல் பழுப்போடும், காரம் மூக்கில் ஏறும். தண்டோடு கட்டியதை வாங்கிக் காற்றாடத் தொங்கவிடுங்கள், பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும்.

ஒரு மணிக்கு ஊர் திரும்பி, சாப்பிட்டு, மூன்று மணிக்கு மேல் தாமதிக்காமல் இறங்கத் தொடங்குங்கள். அன்று எல்லோரும் சேர்ந்து இறங்குவார்கள். சீக்கிரம் கொடைரோடு சேர்ந்துவிட்டால் ஸ்டேஷனில் காத்திருக்கலாம், நடுமலையில் மாட்டிக்கொண்டு ரயிலை விட்டால் அன்று வேறு டிக்கெட் கிடைக்காது.