இரவில் மரத்துப்போகும் விரல்கள்: கோளாறு கழுத்திலா, மணிக்கட்டிலா?

கேள்வி:
தையல் வேலை செய்யும் என் தாயாருக்கு (வயது 52) இரண்டு மாதங்களாக நள்ளிரவில் வலக்கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போகின்றன. கையை உதறிய பிறகே உணர்வு திரும்புகிறது. சுண்டுவிரலில் தொந்தரவில்லை. கழுத்தெலும்புத் தேய்மானம் என்கிறார்கள் உறவினர்கள். கழுத்துப் பட்டை வாங்கலாமா?

மறுமொழி 1:
அவசரப்பட வேண்டாம். சுண்டுவிரல் தப்பியிருப்பதும் உதறினால் குறைவதும், மணிக்கட்டின் குறுகிய குகைப்பாதையில் 9 தசைநாண்களோடு நெருக்கியடித்துச் செல்லும் மீடியன் நரம்பு (கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை உணர்வு தருவது; சுண்டுவிரலுக்குச் செல்லாதது) அழுந்துவதையே பெரும்பாலும் காட்டும். இதனைக் கார்ப்பல் டனல் பாதிப்பு என்பார்கள். கழுத்தில் நரம்பு அழுந்தினால், வலி பொதுவாகக் கழுத்திலிருந்து கைக்கு இறங்கும். தலையைத் திருப்பும்போது கூடவும் செய்யும்.

மறுமொழி 2:
எனக்கும் இதே தொல்லை இருந்தது. மணிக்கட்டை மடங்கவிடாமல் நேராக வைத்திருக்கும் ஸ்பிளிண்ட்டை 6 வாரங்கள் இரவில் அணிந்ததில் வெகுவாகக் குறைந்தது. (அதற்குமுன் எண்ணெய் தேய்த்து நீவியதில் வீக்கம்தான் மிச்சம்.) நீரிழிவும் தைராய்டு குறைபாடும் இதற்குக் காரணமாகலாம் என்பதால் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

மறுமொழி 3:
கட்டைவிரலின் அடிமேட்டுச் சதை மெலிந்தாலோ, ஊசியைப் பிடிக்க முடியாமல் நழுவவிட்டாலோ காத்திருக்கக் கூடாது. நரம்பு எவ்வளவு பாதிக்கப்பட்டுள்ளது என்பதை நரம்புக் கடத்தல் பரிசோதனை காட்டும். அதைப் பொறுத்து மருத்துவர் ஸ்டீராய்டு ஊசியையோ, குகையின் கூரையாக உள்ள தசைநாரை வெட்டி நரம்பை விடுவிக்கும் சிறு அறுவைச் சிகிச்சையையோ பரிந்துரைப்பார். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பிவிடலாம்.