"நீங்க" சட்டென்று "நீ" ஆன அந்த நொடி

இருவரும் சம்மதித்து, ஒருவர் வழிநடத்த மற்றவர் பணியும் பிடிஎஸ்எம் (BDSM) உறவுகளில் கயிற்றால் கட்டுவதும் ஒன்று; அதில் கட்டப்படுபவர் என்ன உணர்கிறார் என்று நிறையப் பேர் பகிர்ந்திருக்கிறார்கள். கட்டுபவரின் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று அவ்வளவாக யாரும் பேசுவதில்லை, அதனால் என் அனுபவத்தை எழுதுகிறேன். நான் பெண், வயது 38, எங்கள் உறவில் டாமினன்ட், அதாவது வழிநடத்துபவள், நான்தான். என் துணைவன் சப், அதாவது பணிந்து தன்னை ஒப்புக்கொடுப்பவன். 6 வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம், அதில் 4 வருடமாகக் கயிறு. வீட்டில் சாதாரணமாக அவன் என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவான். சீன், அதாவது நாங்கள் கட்டும் அந்த நேரம், தொடங்கிவிட்டால் "நீங்க" ஆகிவிடும். பேசி வைத்துக்கொண்ட விதி இல்லை, முதல் தடவை அவன் வாயில் தானாக வந்தது, அப்படியே நிலைத்துவிட்டது. அந்த ஒரு சொல் மாறும்போது என் முதுகு நிமிர்வதை நானே உணர்வேன்.

டாம் ஸ்பேஸ் (சீனில் டாமினன்ட்டுக்கு வரும் மனநிலை) என்றால் கோபம் என்றோ, அதிகார போதை என்றோ நினைக்கிறார்கள். எனக்கு அது காது கூர்மையாவது. அவன் மூச்சு எங்கே தட்டுகிறது, தோள் எப்போது இறங்குகிறது, கால் விரல் ஏன் மடங்குகிறது, இவை தவிர உலகத்தில் வேறு எதுவும் இருக்காது. ஒரு மணி நேரம் போனது தெரியாது. 2017-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், இரண்டு பக்கமும் இருக்கக்கூடியவர்களைக் குலுக்கல் முறையில் மேலே (வழிநடத்துபவர்), கீழே (ஒப்புக்கொடுப்பவர்) என்று பிரித்து சீனுக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். மேலே இருந்தவர்களிடம் தெரிந்தது, ஒரு வேலையில் முழுசாக மூழ்கிப்போகும்போது வருகிற அதே மனநிலை. படித்தபோது நான் உணர்வதற்கு ஒரு பெயர் கிடைத்த மாதிரி இருந்தது. ஆனால் அந்த மூழ்கலே ஒருநாள் எங்களுக்கு வினையானது.

அன்று அவன் கைகளைப் பின்னால் வைத்து மேற்கையைச் சுற்றிக் கட்டினேன். மேற்கையின் வெளிப்பக்கம் ஒரு நரம்பு எலும்பை ஒட்டியே ஓடுகிறது, ரேடியல் நரம்பு. ரத்த ஓட்டம் நின்றால் கை முழுக்க சில்லிடும், நிறம் மாறும், பார்த்தாலே தெரியும். நரம்பு நசுங்கினால் வெளியே ஒன்றுமே தெரியாமல் போகலாம். அதனால் சில நிமிடத்துக்கு ஒரு தடவை என் இரண்டு விரலை அவன் உள்ளங்கையில் வைப்பேன், அவன் அழுத்த வேண்டும். அன்று கயிறு அவ்வளவு அழகாக விழுந்துகொண்டிருந்தது, ஒவ்வொரு சுற்றும் பக்கத்துச் சுற்றோடு ஒட்டி உட்கார்ந்தது, நான் அதன் பின்னாலேயே போய்விட்டேன். ஒரு தடவை விரல் வைக்கவில்லை. "நிறம்?" என்று மட்டும் கேட்டேன் (பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் நிதானி, சிவப்பு என்றால் உடனே நிறுத்து). "பச்சைங்க" என்றான். தொடர்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு நிமிஷம் இரேன்" என்றான்.

இரேன். இருங்க இல்லை. அவன் சிவப்பு சொல்லவில்லை, மஞ்சள்கூடச் சொல்லவில்லை, கேட்டதற்கு "ஒண்ணுமில்ல, பச்சைதான்" என்று மறுபடியும் சொன்னான். ஆனால் சீனுக்குள் இருக்கிற அவன் "இரேன்" என்று சொல்லமாட்டான். விரலை வைத்தேன். வலது கை அழுத்தியது. இடது கை சரியாக அழுத்தவில்லை. மணிக்கட்டைத் தூக்கச் சொன்னேன், தொங்கியது. முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கவில்லை, பக்கத்தில் எப்போதும் வைத்திருக்கும் முனை மழுங்கிய கத்திரிக்கோலால் கயிற்றை வெட்டினேன். (கயிறு போனால் போகட்டும். கத்திரிக்கோல் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லாமல் தயவுசெய்து யாரும் கட்டாதீர்கள்.) மருத்துவரிடம் ஒளிக்காமல் சொன்னோம். கட்டைவிரலின் பின்பக்க மரமரப்பு போக 3 வாரம் ஆனது.

ஏன் சிவப்பு சொல்லவில்லை என்று மறுநாள் கேட்டேன். "நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே, கெடுக்க மனசு வரல" என்றான். இதைவிட என்னை எதுவும் அடித்ததில்லை. சப் ஸ்பேஸில் (சப்புக்கு வரும் மயக்கம் போன்ற மனநிலை) ஆழமாகப் போனவர்களுக்கு வார்த்தை வராமல் போகலாம் என்று எனக்குத் தெரியும். என் சந்தோஷமே அவன் வாயைக் கட்டும் என்று தெரியாது.

அன்றிரவு எல்லாம் சரியாகத்தான் செய்தேன். போர்வை, தண்ணீர், கொஞ்சம் இனிப்பு, அவன் தலையை மடியில் வைத்துத் தூங்கும்வரை கோதினேன். மூன்றாம் நாள் கட்டிலுக்கடியில் கூட்டும்போது, வெட்டிய கயிற்றில் ஒரு விரலளவு துண்டு துடைப்பத்தில் சிக்கி வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். நான் பிரியமானவனை வலிக்கச் செய்து ரசிக்கிற பிறவியா, எனக்கு ஏதோ வியாதியா என்றெல்லாம் ஓடியது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில், பெரியவர்கள் சம்மதத்தோடு செய்யும் இது தன்னளவில் நோய் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் அது உதவவில்லை.

எங்கள் வட்டாரத்தில் மாதம் ஒருமுறை மஞ்ச் நடக்கும். சாதாரண உடையில், பொது இடத்தில், சும்மா சாப்பிட்டுப் பேசும் சந்திப்பு, சீன் எதுவும் கிடையாது, புகைப்படம் கிடையாது, பலருக்குப் பலரின் உண்மைப் பெயர் தெரியாது. அங்கே 20 வருடமாக டாமாக இருக்கும் ஒரு அக்கா நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "சரி, உனக்கு யாரும்மா போர்வை போத்தினா?"

யாரும் இல்லை. எனக்கும் வேண்டும் என்றே தோன்றவில்லை. இதற்கு டாம் டிராப் என்று பெயர், அந்த வேகம் வடிந்தபின் ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட வரும், எந்தத் தவறும் நடக்காத நல்ல சீனுக்குப் பிறகும் வரும் என்று அவர்தான் சொன்னார். இந்த மாதிரி உறவுகளுக்கென்று நியூயார்க்கில் 1983-இல் எழுந்த "பாதுகாப்பு, தெளிந்த மனம், சம்மதம்" என்ற வாசகத்தை விட்டு, 1999-இல் சிலர் "ஆபத்தை அறிந்த சம்மதம்" என்று ஏன் மாற்றினார்கள் என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது. பாதுகாப்பு என்ற சொல்லை நம்பி நான் ஒரு தடவை விரல் வைக்காமல் விட்டேன்.

இப்போது அவன் கையில் ஒரு சின்னப் பந்து இருக்கும், விழுந்தால் எல்லாம் நிற்கும். இன்னொன்றும் பேசி முடிவு செய்தோம்: மஞ்சளும் சிவப்பும் எனக்கும் உண்டு.

4 மாதம் கழித்து மறுபடி ஆரம்பித்தோம். மணிக்கட்டு மட்டும், மேற்கையைத் தொடவே இல்லை. "நீங்க" என்றான், முதுகு நிமிர்ந்தது, காது கூர்மையானது, எல்லாம் பழையபடி வந்தது. இரண்டாவது சுற்றில் என் கை நடுங்கியது. நான் "மஞ்சள்" என்றேன். கயிற்றைத் தளர்த்தி எடுத்ததும் அவனே எழுந்து போர்வையை இழுத்து என் தோளில் போட்டான்.

"நீ இரு, நான் தண்ணி எடுத்துட்டு வரேன்" என்றான்.