சோற்றை விட்டபின்: கீற்றோ உணவுமுறையில் யாழ்ப்பாணத்தவர் எங்கள் அனுபவங்கள்

திருநெல்வேலி, ஆண், வயது 47

மாப்பொருளை மிகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீற்றோ உணவுமுறையைச் சென்ற ஆண்டு தை மாதம் தொடங்கியபோது என் நிறை 104 கிலோ, உயரம் 168 சென்ரிமீற்றர். உடற்திணிவுச் சுட்டி (BMI) ஏறத்தாழ 37. ஆசியர்களுக்கு 27.5 என்பதையே உயர் ஆபத்தின் எல்லையாக உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. நீரிழிவுக்கு மெற்போமினும் கிளிக்கிளசைட்டும், குருதி அமுக்கத்துக்கு இன்னொரு குளிசையும் எடுத்துவந்தேன். நாள் முழுதும் கதிரையில் இருக்கும் வேலை. காலையில் புட்டு அல்லது பாண், மதியம் குத்தரிசிச் சோறு, இரவு இடியப்பமும் சொதியும், இடையிடையே பனங்கட்டியோடு தேநீர்.

இந்த உணவுமுறையில் ஒரு நாளுக்குரிய காபோவைதரேற்று (மாப்பொருள்) 50 கிராமுக்குள் நிற்கவேண்டும். கண்டிப்பானவர்கள் 20, 30 கிராம் என்பார்கள். ஒரு கோப்பைச் சோற்றிலேயே சுமார் 45 கிராம் இருப்பதால், சோற்றைக் குறைப்பது என்ற பேச்சுக்கு இடமில்லை, விட்டேயாகவேண்டும். புட்டு, இடியப்பம், மரவள்ளி, ஒடியல் மா என்று எங்கள் சமையலறையின் பாதி அதோடு போய்விடுகிறது. மிஞ்சியவை மோசமில்லை: பாசையூரில் வாங்கும் விளைமீன், நண்டு, கணவாய், முட்டை, முருங்கையிலை, வல்லாரை, கத்தரிக்காய்ப் பால்கறி. சுறா வறையைச் சோறில்லாமல் உண்ணப் பழகுவதற்கு மட்டும் இரண்டு கிழமை சென்றது. காரத்தை யார் மீது சாய்ப்பது என்று நாக்குக்குத் தெரியவில்லை.

முதற் கிழமையில் 4 கிலோ இறங்கியது. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அதே கிழமையில் தலையிடியும், இரவில் கெண்டைக்காற் பிடிப்பும் வந்தன. இன்சுலின் குறையும்போது சிறுநீரகம் உப்பை அதிகமாக வெளியேற்றும் என்பதும், இவை பெரும்பாலும் அதன் விளைவுகளே என்பதும் பின்னர்தான் தெரியவந்தன. வாயில் அழுகும் பழத்தின் வாசனையும் சேர்ந்துகொண்டது. அது கொழுப்பு எரியும்போது உடலில் உண்டாகும் அசற்றோன், ஆனால் மாலையில் வீடு திரும்பும் கணவனின் வாயில் அப்படியொரு வாசனை வந்தால் எந்த மனைவி அசற்றோனை நினைப்பாள்? கள்ளு என்றே முடிவுசெய்து, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இவற்றையெல்லாம் சிரித்துக் கடக்கலாம். ஒன்பதாம் நாள் நடந்ததை அப்படிக் கடக்க முடியாது. முற்பகல் பதினொரு மணியளவில் பலாலி வீதியில் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது உடல் வியர்த்து, கை நடுங்கி, எதிரே வந்த பேருந்து இரண்டாகத் தெரிந்தது. ஒரு கடை வாசலில் இருந்து சோடா குடித்த பிறகு வீட்டுக்கு வந்து சோதித்தும் குருதிச் சீனி 58தான், மிகத் தாழ்வு. மாப்பொருளை அடியோடு நிறுத்திவிட்டு, இன்சுலினைச் சுரக்கச் செய்யும் கிளிக்கிளசைட்டைப் பழைய அளவிலேயே விழுங்கிக்கொண்டிருந்தேன். என் வைத்தியருக்கு நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. பிழை முழுதும் என்னுடையது. அவர் அந்தக் குளிசையை நிறுத்தி, அமுக்கத்துக்குரியதைப் பாதியாக்கினார்.

ஆடி மாதம் நிறை 89 கிலோ. மூன்று மாதச் சீனிச் சராசரி (HbA1c) 8.4 வீதத்திலிருந்து 6.5 வீதத்துக்கு வந்தது, ட்ரைகிளிசரைட்டு என்ற குருதிக் கொழுப்பு 260இலிருந்து 140. பசி அடங்கியதுதான் எனக்குப் பெரிய அதிசயம். நான்கு மணித் தேநீரின் நினைவே வரவில்லை. ஆனால் அதே அறிக்கையில் கெட்ட கொலஸ்ரோல் எனப்படும் எல்டிஎல் 112இலிருந்து 171க்கு ஏறியிருந்தது. கொழுப்புக்குத் தடையில்லை என்ற துணிவில் எல்லாக் கறிக்கும் தேங்காயின் முதற்பாலையே விட்டுவந்தோம். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு; நல்லெண்ணெயில் அது ஏழில் ஒரு பங்களவுதான். பாலைக் குறைத்து, நல்லெண்ணெய்க்கும் மீனுக்கும் மாறியபின் கார்த்திகையில் எல்டிஎல் 128 ஆயிற்று.

அதற்கிடையில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியது. 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை, முட்டையுமில்லை. பருப்பிலும் கடலையிலும் மாப்பொருள் இருப்பதால் மரக்கறியோடு இந்த முறையைக் காப்பது மிகக் கடினம். பத்தாம் திருவிழாவோடு சோற்றுக்குத் திரும்பினேன். இடையே ஓர் அந்தியேட்டி வீட்டில் இலையில் விழுந்த சோற்றை வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

சாவகச்சேரி, உயிரியல் ஆசிரியர், ஆண், வயது 52

தம்பி, அந்த முதற் கிழமையின் 4 கிலோவில் பெரும்பகுதி நீர். ஈரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் கிளைக்கோசன் என்ற மாப்பொருளின் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் நீர் பிணைந்திருக்கும். சேமிப்புக் கரையும்போது நீரும் போகும், சோறு திரும்பினால் நீரும் திரும்பும். வலிப்பு நோயாளருக்காக 1921இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் ரசல் வைல்டர் முன்வைத்த உணவுமுறை இது. உடற்பருமனுக்கு அது புகழ்பெற்றது வெகுகாலத்துக்குப் பின்னரே.

குவைத்தில் 83 பருமனான நோயாளரை 24 கிழமைகள் அவதானித்து 2004இல் வெளியான ஆய்வை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். நிறை நன்றாகக் குறைந்தது உண்மை, குருதிக் கொழுப்பும் சீர்பட்டது. ஆனால் ஒப்பிடுவதற்கு வேறு உணவுண்ட குழு அதில் இல்லை. 13 பரிசோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்து 2013இல் வெளியான கட்டுரை, ஓராண்டும் அதற்கு மேலும் சென்றபின், கொழுப்புக் குறைந்த உணவை உண்டவர்களைவிடக் கீற்றோக்காரர் இழந்தது சராசரியாக 0.9 கிலோ அதிகம் என்றே கண்டது. எல்டிஎல்லும் அவர்களுக்குச் சற்றுக் கூடியிருந்தது. என் கதையும் இதுவே: 92இலிருந்து 84க்கு இறங்கினேன், இரண்டாம் ஆண்டில் 90க்கு வந்துவிட்டேன். நான் தோற்றது உணவிடமல்ல, பரீட்சைக் காலத்தில் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையின் றோல்ஸிடம்.

பருத்தித்துறை, பெண், வயது 39

இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு 81 கிலோவாக இருந்தேன். ஆறு கிழமை கீற்றோவில் இருந்து 5 கிலோ குறைத்தேன். மலச்சிக்கலும், பின்னர் முடி உதிர்வும் தாங்கமுடியவில்லை. அதைவிட, எனக்கு ஒரு சட்டி, மற்றவர்களுக்கு ஒரு சட்டி என்று இரண்டு சமையல் செய்வதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை; ஆண்கள் எழுதும் அனுபவங்களில் அந்தச் சட்டி தானாகவே நிரம்பிவிடுகிறது. இப்போது சோற்றைப் பாதியாக்கி, இலைக்கறியையும் மீனையும் கூட்டியிருக்கிறேன். ஓராண்டில் மேலும் 4 கிலோ. மெதுவானது, ஆனால் பிள்ளைகளும் அதையே உண்கிறார்கள்.

மானிப்பாய், ஆண், வயது 34

கிளிக்கிளசைட்டைப் பற்றி அண்ணை எழுதியதோடு இதையும் சேர்க்கவேண்டும். சிறுநீர் வழியே சீனியை வெளியேற்றும் எம்பாகிளிபுளோசின் குளிசையை என் அம்மா எடுத்துவந்தார். உறவினர் ஒருவர் சொல்லக்கேட்டு மாப்பொருளை முற்றாக நிறுத்தினார். பத்து நாளில் ஓயாத வாந்தி, பெருமூச்சு. வீட்டில் சோதித்தபோது சீனி 170 மட்டும் இருந்ததால், வயிற்றுக் கோளாறு என்று ஒரு நாளை வீணாக்கினோம். வைத்தியசாலையில்தான் அது கீற்றோ அமிலத்துவம் என்று தெரிந்தது. அந்தக் குளிசையோடு சீனி பெரிதாக ஏறாமலே குருதி அமிலமாகக்கூடும் என்பதை அதற்குமுன் நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து மீண்டார். அந்தக் குளிசை எடுப்பவர்கள் தயவுசெய்து இதைத் தாமாகத் தொடங்கவேண்டாம்.

திருநெல்வேலி, ஆண், வயது 47

மானிப்பாய்த் தம்பி, அம்மா மீண்டது பெரும் ஆறுதல். பருத்தித்துறைத் தங்கச்சியின் குற்றச்சாட்டு எனக்கும் பொருந்தும். என் சட்டியை நிரப்பியது நான் அல்ல. இன்று, 14 மாதங்களின் பின், நிறை 93. மதியம் மட்டும் ஒரு சிறு கோப்பைக் குத்தரிசிச் சோறு. காலையும் இரவும் முட்டை, மீன், இலைக்கறி. இதைக் கீற்றோ என்று சொல்லமுடியாது. வாயில் வாசனையும் இல்லை. கிளிக்கிளசைட்டை வைத்தியர் திரும்பத் தரவில்லை. சித்திரை வருடப்பிறப்பு முடிந்து, பொங்கலும் பலகாரமும் தீர்ந்தபிறகு சோதனைக்குக் குருதி கொடுக்கவிருக்கிறேன். அவற்றுக்கு முன்னரே கொடுக்கவேண்டும் என்கிறாள் மனைவி.