மேற்கு வெயிலை மறைக்க எந்த மரம் வைக்கலாம்?

வணக்கம். வீட்டின் மேற்குப் பக்கம் 15 அடி அகலத்துக்கு வெறும் மண்தான். மதியம் மூன்று மணிக்கு மேல் அந்தச் சுவரில் கை வைக்க முடியாது. இரவு பத்து மணிக்கும் அறைக்குள் சூடு இறங்குவதில்லை. சீக்கிரம் வளர்ந்து நிழல் தரும் மரம் ஒன்று வேண்டும்.

மலைவேம்பு மளமளவென்று வளரும், ஆனால் நெட்டையாக மேலே போய்விடும். எனக்குப் பக்கக் கிளைகள் வேண்டும். முருங்கையும் வேகம்தான், கிளை காற்றுக்குச் சட்டென்று முறிந்துவிடும். ஆல், அரசு வேண்டவே வேண்டாம், வேர் அஸ்திவாரத்தைப் பதம் பார்த்துவிடும். மனசு புங்கனில்தான் நிற்கிறது. அடர்ந்த நிழல், வறட்சியைத் தாங்கும், வேர் முடிச்சுகள் மண்ணில் தழைச்சத்தும் சேர்க்கும்.

புங்கன் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி வைத்தீர்கள்? பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் போகிறது, வேர் அதில் நுழையுமா? எத்தனை வருடத்தில் சுவரில் நிழல் விழுந்தது?

அப்புறம், கன்று விஷயம். ஆள் உயரக் கன்றுகளில் பைக்குள்ளேயே வேர் வட்டமாகச் சுருண்டு கிடக்கிறது. அதை வெட்டிவிட்டு நடுவதா, இரண்டடிக் கன்றாகவே வாங்கிவிடுவதா? சின்னக் கன்று சீக்கிரம் வேர்பிடிக்கும் என்றுதான் தோன்றுகிறது. மழைக்கு முன்னால் குழி எடுக்க வேண்டும், அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.